பிடிலும் அதன் சுற்றமும்

1986ஆம் வருஷம் இளையராஜா சினிமாவுக்கு வெளியே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயரே ஒரு கேள்வி: 'ஹவ் டு நேம் இட்?' இதற்கு என்ன பெயர் வைப்பது? தட்டை இரண்டு பேருக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார். ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜர். மற்றவர் ஜெர்மனி தேசத்து பாக். பின்னவர் காலமானது 1750ல். முன்னவர் பிறந்தது 1767ல். நடுவே பதினேழு வருஷமும் ஏழு கடலும் கிடக்கின்றன. தியாகராஜர் காதில் பாக் என்ற பெயர் ஒரு தடவையாவது விழுந்திருக்கும் என்று நினைக்க இடமில்லை.

தட்டில் உள்ள இரண்டு உருப்படிகளின் தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. அறை தியாகராஜரை வரவேற்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று அர்த்தம். நம்முடையவர் அவர்கள் வீட்டு அறைக்கு விருந்தாளியாகப் போகிறார். அவர்களுடையவர் நம் வீட்டுக்கு வருகிறார். சம்பந்திகள் முறை செய்துகொள்வது போல் இருக்கிறது. ஆனால் இந்தச் சம்பந்தத்துக்கு நிச்சயதார்த்தம் நடந்து அப்போதே ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியிருந்தது. பெண்ணை மட்டும் அழைத்து வந்துவிட்டு அவளைச் சேர்ந்தவர்களை நாம் அழைக்காமலே இருந்துவிட்டோம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த 'அறை' என்ன என்று தெரியவேண்டும். மேல்நாட்டில் 'சேம்பர் மியூசிக்' என்று ஒரு வகை சங்கீதம் உண்டு. அரண்மனையில் ஓர் அறை, அல்லது ஒரு பிரபுவின் வீட்டுக் கூடம். அதற்குள் அடங்கும் நாலைந்து வாத்தியக்காரர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஓர் ஆள். கோல் எடுத்து நடத்துகிறவர் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கவேண்டும். இரண்டு பிடில், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று என்று நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்த ஏற்பாடுதான் இதில் தலையானது. ஆஸ்திரியா தேசத்து ஹைடன் என்பவர் இந்த நால்வருக்காக மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட உருப்படிகள் எழுதினார். அவர் காலமானது 1809ல். அப்போது தியாகராஜருக்கு வயது நாற்பத்திரண்டு. ஹைடனிடம் படித்த பீத்தோவனும் நம் சியாமா சாஸ்திரிகளும் காலமானது ஒரே வருஷம், 1827. நம் மும்மூர்த்திகள் காவிரிக் கரையில் கீர்த்தனங்கள் செய்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் வியன்னாவில் அந்த அறை சங்கீதம் முற்றி விளைந்தது.

நமக்கு ஏன் அது அந்நியமாகப் படுகிறது? கெங்கவல்லியில் உட்கார்ந்து யோசித்தால் விஷயம் சுலபமாக விளங்கும். சேலம் ஜில்லாவில் ஆத்தூருக்குத் தெற்கே, சுவேத நதி ஓடுகிற பக்கத்து ஊர் அது. அங்கே கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இரண்டு விதமான கோஷ்டிகளைக் கேட்டிருப்பார்கள். ஒன்று, மேளம்: இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி. இரண்டு நாதஸ்வரமும் சேர்ந்து வாசிக்கும்போது வாசிப்பது ஒரே பாட்டை. ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் விட்ட இடத்தில் எடுத்துக்கொள்வார். இன்னொன்று, ஜரிகைச் சட்டை போட்ட பாண்டு கோஷ்டி: கிளாரினெட்டு, டிரம்பெட்டு, டிரம்மு. இது கும்பெனிப் பட்டாளத்தின் வழியில் வந்தது. சட்டையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இந்தப் பாண்டும் வாசிப்பது ஒரே பாட்டைத்தான். பத்து வாத்தியங்களிலும் ஒரே மெட்டு வரும். பட்டாளத்துப் பாண்டில் அப்படி இல்லை. அங்கே மெட்டை ஒருவர் வாசித்தால், அதற்குக் கீழே வேறு ஸ்வரத்தில் வேறு வழியாக இன்னொருவர் போய்க்கொண்டிருப்பார். வாத்தியம் நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது, சட்டையும் வந்துவிட்டது, அந்தப் பல குரல் மட்டும் வழியிலேயே தங்கிவிட்டது.

பல குரல் என்றால் என்ன? கும்மியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருத்தி ஓர் அடி பாடுகிறாள். மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். சொல்லும்போது முன்பாட்டுக்காரி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயை மூடாமல் அடுத்த அடிக்குப் போய்விட்டால்? பின்னால் வருகிறவர்கள் முதல் அடியைப் பஞ்சமத்திலிருந்து ஆரம்பித்தால்? அவர்கள் முடிப்பதற்குள் மூன்றாவது கூட்டம் ஒன்று அதே அடியை மறுபடி எடுத்தால்? நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் நாம் அதைச் சந்தை என்போம். அப்படிப் பேசியும் சந்தையாகாமல், ஒவ்வொருவர் பேச்சும் தனியே புரியும்படி, நாலும் சேர்ந்து இன்னொரு அர்த்தமும் தரும்படி அமைத்தால் அதற்கு 'ஃபியூக்' என்று பெயர். பாக் இதில் மகா சமர்த்தர். கெங்கவல்லிக்குப் பக்கத்துத் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்கிறார்கள். ஒரே மரத்துண்டைச் செதுக்கிச் செதுக்கி உள்ளிருக்கும் உருவத்தை வெளியே கொண்டுவருவது ஒரு வேலை. நூறு சட்டங்களைக் கூர் செதுக்கிக் கோத்துத் தேர் கட்டுவது வேறு வேலை. நம் கீர்த்தனம் முன்னது. பாக்கின் ஃபியூக் பின்னது. எது உசத்தி என்று கேட்பது வீண் கேள்வி. சுவாமிக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

இனி சரித்திரத்துக்கு வருவோம். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலம் சீமையையும் பாரமஹாலையும் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். காப்டன் ரீடு என்பவர் கலெக்டராக வந்து நிலங்களை அளக்க ஆரம்பித்தார். கெங்கவல்லிப் பக்கம் கும்பெனியின் அளவுச் சங்கிலி வந்த அந்தக் காலத்தை ஒட்டித்தான் சென்னைப் பக்கம் கும்பெனியின் பிடிலும் நம் வித்வான்கள் கைக்கு வந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கும்பெனியின் துபாஷி; சங்கீத ரசிகர். ராமஸ்வாமி தீட்சிதரையும் அவர் பிள்ளைகளையும் மணலியில் வைத்து ஆதரித்தார். அந்தக் குடும்பம் கோட்டையில் பாண்டு வாத்தியம் கேட்டது. பிள்ளைகளில் மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர், இளையவர் பாலுஸ்வாமி. கேட்ட பாண்டிலிருந்து அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். தம்பி பிடிலை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் எடுத்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைந்தது. நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று பெயர் பெற்று இன்றைக்கும் குழந்தைகளுக்குப் பாடமாகும் உருப்படிகள் அவை, ஏறக்குறைய நாற்பது. இங்கிலீஷ் ராஜாவை வாழ்த்தும் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' வந்தது. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோட்டையில் தீட்சிதர் கேட்டது பல குரல். அவர் கொண்டுவந்தது ஒரு குரல். மேலே ஓடிய மெட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, கீழே ஓடியவற்றை அங்கேயே விட்டுவிட்டார். அது கவனக்குறைவு அல்ல. அவ்வளவு நுட்பமான காதுக்கு மற்றக் குரல்கள் விழாமலா இருந்திருக்கும்? தமக்கு வேண்டியது எது என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.

தம்பி எடுத்த பிடிலின் கதையும் இதேதான். பாலுஸ்வாமி ஒரு வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதில் நம் ராகங்களை வாசித்தார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வானாக இருந்தார். தஞ்சாவூரில் சரபோஜி மகாராஜா மேல்நாட்டு வாத்தியங்களையும் இசைப் புஸ்தகங்களையும் சேர்த்து, அரண்மனையில் பாண்டும் வைத்திருந்தார். அங்கே பேர்பெற்ற தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு பிடிலில் தேர்ந்தார். 1834ல் திருவாங்கூர் ஸ்வாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் பரிசளித்தார். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்த வாத்தியம் இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. தலையைப் பாதத்தில் ஊன்றிக்கொண்டது. தந்திகளின் சுருதி மாறி, ஸா-பா-ஸா-பா என்று ஆயிற்று. பாடகருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. புகுந்த வீட்டுப் பழக்கம் அவ்வளவும் படிந்துவிட்டது. இன்றைக்குப் பிடில் இல்லாத கச்சேரியை நம்மால் நினைக்க முடியுமா?

ஆனால் அது தனியாக வந்தது. இரண்டாவது பிடில் வரவில்லை, வயோலா வரவில்லை, செல்லோ வரவில்லை. காரணம் சங்கீதத்திலேயே இருக்கிறது. நம் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தோடியின் காந்தாரத்தை எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அது அசைந்துகொண்டே இருக்கிறது, அந்த அசைவுதான் தோடி. இன்னொரு குரல் அதற்கு இசைவாகக் கீழே வந்து நிற்கவேண்டுமானால் மேலே உள்ள ஸ்வரம் சற்றாவது நின்றாகவேண்டும். நிறுத்தினால் ராகம் போய்விடும். நிறுத்தாவிட்டால் மற்றக் குரல் எதன்மேல் கால் ஊன்றுவது? தீட்சிதர் சகோதரர்கள் மற்றக் குரல்களைக் கோட்டையிலேயே விட்டுவிட்டு வந்தது நியாயமான முடிவு. ராகத்தைக் காப்பாற்றினார்கள். அதற்குக் கொடுத்த விலை, நம் வாத்தியங்கள் சேர்ந்து உட்கார்ந்தும் ஒன்றுக்கொன்று பதில் பேசாமல், ஒன்றன் பின்னால் ஒன்று போய்க்கொண்டிருந்ததுதான்.

இன்னொரு தடையும் உண்டு, அது எழுத்து. நம் ஸ்வரக் குறிப்பு ஞாபகத்துக்கு ஊன்றுகோல். பாட்டுத் தெரிந்தவர் மறக்காமல் இருக்க உதவும். தெரியாதவருக்கு அதைக் கொண்டு பாட்டு வந்துவிடாது. மேல்நாட்டு ஐந்து கோட்டு எழுத்து அப்படியல்ல. உருப்படியைக் கேட்டே இராதவர் முன்னால் தாளை வைத்தால் அந்தக் கணமே வாசிக்கலாம். நாலு பேர் நாலு விதமாக வாசிக்கவேண்டிய இடத்தில் இந்த எழுத்து இல்லாமல் காரியம் நடக்காது. சென்னையில் ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார் என்ற கிறிஸ்தவத் தமிழர் 1893ல் தியாகராஜருடைய கீர்த்தனங்களை இந்த எழுத்தில் அச்சிட்டார். அழியாமல் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே வெறியில் கைப்பொருளைச் செலவழித்தார். எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதரைத் தூண்டி, குடும்பத்து சங்கீதத்தையெல்லாம் எழுதச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெரும் புஸ்தகம் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904ல் வெளிவந்தது. சுப்பராம தீட்சிதர், முதலில் பிடிலைக் கையில் எடுத்த அந்தப் பாலுஸ்வாமியின் சுவீகார புத்திரர். பிடிலும் எழுத்தும் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றதைக் கவனியுங்கள். நின்றனவே தவிர, ஒன்றோடொன்று பேசவில்லை.

பேசியது வேறோர் இடத்தில். அந்த இடத்தைச் சங்கீத சபைகள் ரொம்ப நாள் மதித்ததில்லை. அது சென்னையின் சினிமா ஸ்டூடியோ. பேசும் படம் வந்த பிறகு பின்னணி வாசிக்க வாத்தியக்காரர்கள் வேண்டியிருந்தது. மாதாகோவிலில் பாடிப் படித்தவர்கள், ஆங்கிலோ-இந்தியர்கள், கோவாக்காரர்கள், தமிழ், தெலுங்குக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. அவர்கள் ஐந்து கோட்டு எழுத்தைப் படிக்கிறவர்கள். காலையில் எழுதியதை மத்தியானம் வாசிப்பார்கள். மறுநாள் வேறு படம். தட்டின் மேல் பாடகர் பெயர் இருக்கும், சங்கீத டைரக்டர் பெயர் இருக்கும். இவர்கள் பெயர் இராது. அந்த ஸ்டூடியோவில்தான் இருநூறு வருஷத்துக்கு முன் நாம் அழைக்காமல் விட்ட சுற்றம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. இரண்டாவது பிடில் வந்தது, வயோலா வந்தது, செல்லோ வந்தது. வந்தது பாட்டுக்குப் பின்னால் நிற்பதற்கு.

அந்தக் கூட்டத்துக்குள் 1960களின் கடைசியில் பண்ணைப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தவர் இளையராஜா. 1943ல் பிறந்தவர், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையில் வாசித்துத் திரிந்தவர். மயிலாப்பூரில் லாட்ஜ் அறை ஒன்றில் தன்ராஜ் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மேல்நாட்டு சங்கீதத்தைப் படித்தார். அவருக்கு வாய்த்த அறை அதுதான். அரண்மனை அறை அல்ல. 1976ல் 'அன்னக்கிளி' வந்தது. பத்து வருஷம் கழித்து, பாட்டுக்குப் பின்னால் நின்ற தந்தி வாத்தியக்காரர்களை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார். 'ஹவ் டு நேம் இட்?' அதன் விளைவு.

அதில் தனிப் பிடில் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற உருப்படியில் பாக் தனிப் பிடிலுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டீட்டாவின் முதல் பகுதி ஓடுகிறது. பாக் அதைத் தம் கையால் எழுதிய பிரதியில் உள்ள வருஷம் 1720. நீர் ஓடுவதுபோல் நிற்காமல் ஓடும் வரி அது. அந்த வரி நேரான ஸ்வரங்களில் மேல்நாட்டு முறைப்படி போய்க்கொண்டே இருக்க, அதற்கு மேலே நரசிம்மனுடைய பிடில் நம் கமகத்தோடு பாடுகிறது. பழைய முடிச்சு இங்கே எப்படி அவிழ்கிறது என்று பாருங்கள். அசைகிற ஸ்வரத்துக்குக் கீழே நிற்கிற ஸ்வரங்களை அடுக்கினால் இடறும். அடுக்காமல், பக்கத்தில் இன்னொரு மெட்டையே ஓடவிட்டால்? ஓடுகிறவனும் அசைகிறவனும் ஒரே பாதையில் போகலாம். ஒருவன் காலை ஒருவன் மிதிக்க வேண்டியதில்லை. கமகத்தையும் விடவில்லை, பல குரலையும் விடவில்லை. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்ற உருப்படி தலைப்பிலேயே ஃபியூக்கைச் சொல்லிக்கொண்டு வருகிறது.

பாக்கின் மேலே வேறொன்றை வைக்கலாமா, தியாகராஜரை அந்த அறைக்குள் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாக்கே அந்தத் தனிப் பிடில் வரியை 1731ல் எடுத்து, ஆர்கன் வாத்தியத்துக்குக் கொடுத்து, சுற்றிலும் வாத்தியக் கூட்டத்தைச் சேர்த்து, லைப்ஸிக் நகரசபைக்காக மாதாகோவிலில் வாசிக்கச் செய்திருக்கிறார். தியாகராஜருடைய 'வரலீல கானலோல' கீர்த்தனத்தில் மேல்நாட்டு நடை தெரிகிறது என்று சங்கீதக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். திருவையாற்றுக்கும் தஞ்சாவூர் அரண்மனைப் பாண்டுக்கும் நடுவே நாலைந்து ஆறுகளைத் தவிர வேறு தடை இல்லை. பெரியவர்கள் கதவைத் திறந்து வைத்துத்தான் இருந்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் பின்னால் வந்தவர்கள்.

என் அபிப்பிராயத்தில் அந்தத் தட்டின் பெருமை பாக்கையும் தியாகராஜரையும் சேர்த்ததில் இல்லை. சென்னையில் இருந்த வாத்தியக்காரர்களே அதை வாசித்தார்கள் என்பதில் இருக்கிறது. தினக்கூலி போல் சினிமாவுக்கு வாசித்தவர்கள்தான் அப்படி ஓர் உருப்படியை வாசிக்கிற சக்தியை வளர்த்து வைத்திருந்தார்கள். அந்தச் சக்தி பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல; தினசரி வேலையில் வந்தது. வேலை போனால் அதுவும் போகும். 1990களிலிருந்து கீபோர்டும் கம்ப்யூட்டரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஒரு பெட்டிக்குள் நாற்பது பிடில் இருக்கும்போது நாற்பது பேருக்குச் சாப்பாடு எதற்கு? 2005ல் 'திருவாசகம்' வந்தபோது இளையராஜாவே புடாபெஸ்ட் நகரத்து வாத்தியக் குழுவை நாடினார். 2025 மார்ச் 8ஆம் தேதி அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. வாசித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பண்ணைப்புரத்துக்காரர் எழுதியதை லண்டன்காரர்கள் வாசிப்பதில் நமக்குப் பெருமைதான். 1986ல் அதற்குக் கப்பலேற வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

எல்லாம் போய்விடவில்லை. அதே வி.எஸ். நரசிம்மன் 1990களில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று நால்வர் குழு ஒன்றை அமைத்தார். இரண்டு பிடில், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வாசித்தது நம் கீர்த்தனங்கள். கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் 1986ஆம் வருஷத்துத் தட்டில் உள்ளது ஓர் அறைக்கு மிஞ்சிய கூட்டம். இந்த நால்வர்தான் அறைக்குள் சரியாக அடங்குகிறவர்கள். தலைப்பில் தியாகராஜரை வரவேற்ற அறைக்கு உண்மையிலேயே ஆள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். 2008ல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் கே.எம். சங்கீதக் கல்லூரியைத் தொடங்கினார். ஏழைக் குழந்தைகளுக்குத் தந்தி வாத்தியங்கள் சொல்லிக்கொடுக்கும் 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' அதைச் சேர்ந்தது. ஸ்டூடியோ செய்துவந்த காரியத்தை இனிப் பள்ளிக்கூடம்தான் செய்யவேண்டும் என்று உணர்ந்து செய்த வேலை அது.

இசைத்தட்டு வேறு, உருப்படி வேறு. தட்டைக் கேட்கலாம், உருப்படியை வாசிக்கவேண்டும். தியாகராஜருடைய கீர்த்தனம் அவரோடு போகாமல் இருப்பது, யாரோ ஒரு குழந்தை எங்கோ ஒரு திண்ணையில் அதைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டிருப்பதால். பாக் இருப்பதும் அப்படித்தான். இளையராஜாவின் அறை சங்கீதம் நிற்பதும் அதைப் பொறுத்தது. கெங்கவல்லிப் பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகள் நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலு தாளை விரித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆரம்பிக்கிற நாள் வரவேண்டும். பாண்டின் சட்டை இந்த ஊர் வரைக்கும் வந்திருக்கும்போது அதன் பல குரல் வருவதற்கு என்ன தடை? செல்லோ வாங்கப் பணம் வேண்டும், எழுத்துச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வேண்டும். தடை அவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துபாஷி தம் பணத்தில் செய்ததை இன்றைக்கு ஒரு சர்க்காரோ நாலு தனவந்தர்களோ செய்வது பெரிய காரியம் அல்ல.